பென்டாக்ஸ் எம்எக்ஸ்-க்கு 40-ஆ, 50-ஆ?

கேள்வி (நாகர்கோவில்)
மாமாவோட எம்எக்ஸ் ஃபிலிம் கேமரா எங்கிட்ட வந்திருக்கு, லென்ஸ் இல்லாம. விடியுமுன்னே தோவாளை பூச்சந்தைக்குப் போயி எடுக்கணும். பைக்குல போறதால பெரிய பை சரிப்படாது. எஸ்எம்சி பென்டாக்ஸ்-எம் 40 எம்எம் எஃப்2.8, 50 எம்எம் எஃப்1.7 ரெண்டும் விலைக்கு வந்திருக்கு. 40-க்கு விலை கூடுதல், ஆனா அந்த ஒல்லி மேல ஒரு ஆசை. எது வாங்கலாம் அண்ணாச்சி?

பதில் (தக்கலை)
தம்பி, ரெண்டும் எங்கிட்ட இருக்கு. 40-ன் தடிமன் 18 மில்லிமீட்டர், எடை 110 கிராம். 50-க்கு 31, 185. நீளத்துல பாத்தா ஒரு தீப்பெட்டித் தடிமன்தான் வித்தியாசம். அதுக்காக ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) வெளிச்சத்த விடணுமா? எஃப் எண் குறைஞ்சாத்தான் வெளிச்சம் கூட வரும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள 400 வேக ஃபிலிமோட 40-ஐ கொண்டுபோனேன். 2.8-ல முழுசா திறந்தும் 1/15 செகண்ட் ஷட்டர்லதான் வெளிச்சம் சரின்னு பச்சை விளக்கு எரிஞ்சுது. தூண்ல சாஞ்சு மூச்சடக்கி எடுத்தும் பாதிப் படம் ஆடிப்போச்சு. 1.7-ல அதே இடத்துல 1/30 தாராளமா கிடைக்கும். வியூஃபைண்டரும் தெளிவா இருக்கும், இருட்டுல ஃபோகஸ் பிடிக்க அதுதான் முக்கியம். 40-ன் ஃபோகஸ் வளையம் ரொம்ப மெல்லிசு, ஈரக் கைக்கு நிக்காது. கிட்ட போறதுக்கும் 50-தான்: அது 45 சென்டிமீட்டர் வரை போகும், 40-க்கு 60.

பகல்ல முட்டம் பாறைக்குப் போனா நான் 40-தான் மாட்டுவேன். கடல்கரையில நாள் முழுக்க கழுத்துல தொங்குறதே தெரியாது.

பதில் (குளச்சல்)
எதை வாங்கினாலும் பூஞ்சை பாத்து வாங்குங்க. பின்னால டார்ச் அடிச்சு முன்பக்கமா பாத்தா நூலாம்படை மாதிரி தெரியும். பின்பக்கத்து நெம்புகோலைத் தட்டி விடுங்க, அபெர்ச்சர் தகடு (வெளிச்சம் வர்ற துளையைச் சுருக்குறது) சட்டுனு திரும்பணும். மெதுவா வந்தா எண்ணெய் இறங்கியிருக்கு, வேண்டாம். நம்ம ஊரு உப்புக்காத்துக்கு மூடி போட்ட டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். பீரோவுல வச்ச ஒரு லென்ஸ் எனக்கு ஒரே மழைக்காலத்துல போச்சு.

கேள்வி கேட்டவர்
கூட்டத்துக்குள்ள 50-ல காட்சி 40-ஐ விட குறுகலா, நெருக்கமா இருக்காதா?

பதில் (தக்கலை)
இருக்கும். பூக்கூடைக்கு நடுவுல பின்னால காலெடுத்து வைக்க இடம் கிடையாது. ஆனா அந்த நேரத்துல நீங்க தேடுறது முகமும், பூ அள்ளுற கையும், தராசும்தானே? அதுக்கு 50 சரியா வரும். சந்தை முழுசும் வேணும்னா வெயில் ஏறட்டும். இப்போ 50 வாங்குங்க, மிச்சக் காசுக்கு ஃபிலிம் வாங்குங்க. முதல் ரோலை முழுசா 1.7-லயே எடுத்து இங்க போடுங்க, பாக்கணும்.