கான்ஸ்கிரிப்ஷனுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

ந. (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்புப் பாடநூல் ஒன்றின் ஓர் இயல் என் கையில் இருக்கிறது. படைக்கு ஆளைச் சட்டம் போட்டு எடுப்பதா, வர விரும்புகிறவரை மட்டும் எடுப்பதா என்கிற வாதம். இயலின் கடைசியில் மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்து பேச ஒரு பயிற்சி. நாளிதழ் வழக்கை ஒட்டிக் 'கட்டாய ராணுவ சேவை' என்றே எழுதிக்கொண்டு வந்தேன். அது தனியாக நிற்கும்வரை தொல்லை இல்லை. கிளைச்சொற்கள் வந்ததும் கழுத்தைப் பிடிக்கிறது. அட்டவணையில் ஒரு கட்டம்: 'கட்டாய ராணுவ சேவையை மனசாட்சியின் பேரில் மறுப்பவருக்கான மாற்றுப் பணி'. ஏழு வரியாக உடைந்து கிடக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் '2011' என்று ஒற்றை எண், ஜெர்மனி இரண்டையும் நிறுத்திவைத்த ஆண்டு.

எனக்கு வேண்டியவை: அந்த முறைக்கு ஒரு பெயர், எடுக்கப்பட்டவருக்கு ஒரு பெயர், வீட்டுக்கு வரும் அழைப்பு, குலுக்கல், மறுப்பவர், பிறகு இவற்றுக்கு எதிரே நிற்கும் விரும்பிச் சேர்ந்த படை. வெள்ளி மாலை கோப்பு போயாக வேண்டும். குட்டையான சொல்லாக இருந்தால் கோடி நன்றி.

வே. (செவ்வாய் விடியற்காலை)

அன்புள்ள ந.,

வெளியே தேட வேண்டாம். புறநானூறு 312, பொன்முடியார். 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று தொடங்கி, தந்தை, கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவர் கடனாகச் சொல்லி, 'களிறுஎறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே' என்று முடிக்கிறார். ஆகவே படைக்கடன். எடுக்கப்பட்டவர் படைக்கடனர். படைக்கடன் ஆறே எழுத்து, அட்டவணைக்குள் அடங்கும்.

'ராணுவம்' தெலுங்கிலும் கன்னடத்திலும் புழங்குவது. படை என்று ஒன்று நம்மிடம் இருக்க அது எதற்கு? 'சேவை' பற்றி நான் வாயே திறக்கவில்லை.

செ. (செவ்வாய் காலை)

வே. ஐயா, 'படைக்கடன்' என்று தலைப்பில் பார்த்தால் போர் விமானம் வாங்க அரசு எடுத்த கடன் என்றுதான் எவரும் படிப்பார்கள். வீட்டுக்கடன், நகைக்கடன், கல்விக்கடன் என்று ஆகிப்போன காலத்தில் கடன் என்றாலே வட்டிதான். 'படைக்கடனர்' தவணை தவறியவர்.

இன்னொன்று. அதே பாட்டில் வேந்தன் வரிக்கு 'நன்னடை நல்கல்', 'தண்ணடை நல்கல்' என்று இரண்டு பாடம் உண்டே. தண்ணடை என்றால் மருதநிலத்து ஊர். வேந்தன் ஊரைக் கொடுக்கிறான், காளை போய்ச் சண்டை போடுகிறான். அதற்குப் பெயர் சம்பளம். நீங்கள் கூப்பிட்ட சாட்சி எதிரணிக்குப் போய்விட்டது.

என் ஓட்டு: கட்டாயப் படைப்பணி. புரியும். நாளைக்கே அனுப்பலாம்.

வே. (செவ்வாய் மதியம்)

தண்ணடைப் பாடம் நான் அறியாதது அன்று. 'கட்டாயம்' வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து வையுங்கள். கட்டு + ஆயம். ஆயம் என்றால் சுங்கம், ஆயத்துறை என்றால் சுங்கத்துறை. கட்டியே தீர வேண்டிய வரி கட்டாயம். பிரெஞ்சுக்காரர்கள் படைக்கு ஆள் கொடுப்பதைக் 'குருதி வரி' என்றே சொல்வார்கள். நம் சொல்லுக்குள் அந்த வரி முன்பே கிடக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

ப. (செவ்வாய் மாலை)

ஐயா பிரித்தது அழகு. சான்று கேட்டால் கோபிப்பார் என்பதால் கேட்கவில்லை.

வரி என்று வந்துவிட்டதால் என் பங்குக்கு: தண்டு என்றால் படை. தண்டல் என்றால் வரி வசூல். ஆங்கில 'லெவி'யும் இப்படித்தான், வரி வாங்குவதற்கும் படை திரட்டுவதற்கும் ஒரே சொல். 1793 ஆகஸ்ட் 23இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு போட்ட ஆணையே 'லெவே ஆன் மாஸ்'. இளைஞர் போருக்கு, மணமானவர் ஆயுதப் பட்டறைக்கு, பெண்கள் கூடாரம் தைக்க, கிழவர்கள் பொதுவிடத்தில் உட்கார்ந்து வீரம் பேச என்று வேலை பிரித்த ஆணை. நான் அந்தக் கடைசி வகை. ஆகவே படைத்தண்டல்.

அது பிடிக்காவிட்டால் சோழர் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்று வருகிறது, கூலியில்லாமல் ஊருக்குச் செய்ய வேண்டிய வேலை. 'வெட்டிவேலை' அதன் எச்சம். படைவெட்டி என்றால் என்ன குறை?

செ. (செவ்வாய் இரவு)

தண்டல் இன்று நாள்வட்டிக்காரர் சொத்து. படைவெட்டி என்பது எதிரிப் படையை வெட்டியவன் பட்டம் போல இருக்கிறது, இல்லாவிட்டால் படைக்குப் போய் வெட்டியாக உட்கார்ந்திருப்பவன். (இரண்டாவது பொருள் முழுப்பொய்யும் இல்லை. ஜெர்மனி கடைசியில் பணிக்காலத்தை ஆறு மாதமாகக் குறைத்தபோது எழுந்த கேள்வியே, ஆறு மாதத்தில் யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்து எப்போது பயன்படுத்துவது என்பதுதான்.)

சி. (புதன் காலை)

எதற்கு இவ்வளவு சண்டை என்றுதான் கேட்கிறேன். சிங்கப்பூரில் 1967 முதல் இது நடைமுறை. அங்கே தமிழில் 'தேசிய சேவை'. போகிற பையன் 'தேசிய சேவையாளர்'. செய்தியிலும் வீட்டிலும் அதே சொல்தான். வழக்கில் இருப்பதை விட்டுவிட்டுக் கல்வெட்டில் ஏன் தேட வேண்டும்?

செ. (புதன் காலை)

ஏனென்றால் அந்தச் சொல்லில் படையும் இல்லை, கட்டாயமும் இல்லை. பிரிட்டனும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 'நேஷனல் சர்வீஸ்' என்றுதான் சொன்னது, 1960 வரை ஆள் எடுத்தது. அரசு வைக்கிற பெயர் அப்படித்தான் இருக்கும். அந்தந்த நாட்டுப் பெயராக எழுதலாம். இரண்டு பக்கமும் நின்று வாதாட வேண்டிய பாடத்துக்குப் பொதுச்சொல் ஆகாது.

யா. (புதன் இரவு)

ஒரு விசயம் சொல்ல வேணும். முதல்நாளே எழுத நினைச்சு எழுதாமல் விட்டனான்.

'கட்டாய ஆட்சேர்ப்பு' என்டு இன்னும் ஒருவரும் சொல்லேல்லை, ஆனால் கட்டாயத்துக்குப் பக்கத்தில ஆட்சேர்ப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். அதை மட்டும் போடாதேங்கோ. ஈழத்தில போர்க்காலத்தில அந்தச் சொல் குறிச்சது வேற. சட்டம் இல்லை, வயசு வரம்பு இல்லை, விலக்குக் கேக்க ஒரு மேசை இல்லை. பிள்ளையள் கொண்டுபோகப்பட்டதைத்தான் அப்பிடிச் சொன்னவை. பாராளுமன்றம் சட்டம் இயற்றி, மருத்துவச் சோதனை வைச்சு, இத்தனை மாசம் என்டு எழுதிக் குடுத்து எடுக்கிறதுக்கும் அதுக்கும் ஒரே பெயர் வைக்கேலாது. ரெண்டும் பிழை என்டு நினைக்கிறவையும் ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத்தான் வேணும்.

மீ. (வியாழன் காலை)

யா. சொன்னது சட்டத்திலும் இருக்கிற கோடு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 29ஆம் எண் உடன்படிக்கை கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அதற்குள் விதிவிலக்கு ஒன்று: கட்டாயப் படைப்பணிச் சட்டங்களின்கீழ், முழுக்க முழுக்கப் படை சார்ந்த வேலைக்காக வாங்கும் பணி அதில் சேராது. செ. தந்த சொல்லை வைத்து இதை மொழிபெயர்த்தால் 'கட்டாயப் படைப்பணி கட்டாய உழைப்பு ஆகாது' என்று வரும். வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கவும் வேண்டும், மூலத்திலேயே அந்த இடறல் இருக்கிறது.

ஆனால் 'முழுக்கப் படை சார்ந்த' என்ற அடையைக் கவனியுங்கள். படைக்கு என்று எடுத்துச் சாலை போட அனுப்பினால் விதிவிலக்கு போய்விடும். எரித்ரியாவில் சட்டப்படி 18 மாதம். 1998இல் எத்தியோப்பியாவோடு போர் மூண்ட பிறகு அது முடிவில்லாமல் நீண்டு, கட்டுமான வேலைவரை இழுத்தது. அந்த இடத்தில் உங்கள் சொல் உடைய வேண்டும்.

மறுப்பவருக்கு 'மனச்சான்று மறுப்பாளர்'. சாட்சி வேண்டாம், நீதிமன்ற வாடை.

செ. (வியாழன் மதியம்)

வழக்கறிஞரே சாட்சி வேண்டாம் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். 'மனசாட்சி' என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

வே. (வியாழன் மதியம்)

தெரிவதற்காகத்தான் பள்ளிக்கூடம்.

ந. (வியாழன் மாலை)

ஐயா, அம்மா, நண்பர்களே, நாளைக்கு வெள்ளி.

நேற்றிரவு ஒன்று நடந்தது. அச்செடுத்த தாள் மேசைமேல் கிடந்தது. தலைப்பு 'கட்டாயமா, தன்னார்வமா?' மகள் எடுத்துப் பார்த்தாள். எந்த அணியில் பேசுவாய் என்று கேட்டேன். "கட்டாயம்னு எழுதிட்டு எந்த அணின்னு கேக்கறியேப்பா" என்றாள். அடுத்த கேள்வி: "தன்னார்வம்னா சம்பளம் கிடையாதா?"

இரண்டாவது கேள்விதான் தூங்கவிடவில்லை. தன்னார்வலர் என்றால் நமக்கு வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறவர். 1973இல் அமெரிக்கா ஆள் எடுப்பதை நிறுத்திய பிறகு வந்த படை அப்படியில்லை, சம்பளத்தை உயர்த்தி ஆளைக் கூப்பிட்ட படை. கட்டாயம் என்ற சொல் ஒரு தட்டைத் தாழ்த்துகிறது, தன்னார்வம் மற்றதை உயர்த்துகிறது. வாதம் தொடங்குமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

ஆகவே என் முயற்சி: முறைப்படை, விருப்பப்படை. முறை என்றால் என் முறை, உன் முறை. சட்டமுறையும் உண்டு. என்ன சொல்கிறீர்கள்?

ப. (வியாழன் இரவு)

விரும்பிச் சேர்ந்து சம்பளம் வாங்கும் படைக்குப் பழம்பெயர் இருக்கிறது, யாரும் வாய் திறக்காததால் நான் சொல்கிறேன். படைமாட்சி உரையில் பரிமேலழகர் ஆறு படை எண்ணுகிறார்: மூலம், கூலி, நாடு, காடு, துணை, பகை. கூலிப்படை. அவருக்கு அது வசை அன்று, கூலி வாங்கும் படை, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதினால் கொலை வழக்கு.

அமெரிக்காவிலும் இதே சொற்சண்டை நடந்தது. ஆள் எடுப்பதை நிறுத்தலாமா என்று ஆராய்ந்த குழுவில் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் இருந்தார். கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்று தளபதி வெஸ்ட்மோர்லண்ட் சொல்ல, அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவது மேலா என்று தாம் திருப்பிக் கேட்டதாக ஃப்ரீட்மன் எழுதியிருக்கிறார். இருவருமே வைத்தது வாதம் அன்று, பெயர். அதனால் ந.வின் மகள் சரி.

குலுக்கலுக்கு மட்டும் என் சொல்லை மறுக்க முடியாது: குடவோலை. 1969 டிசம்பர் 1 அன்று வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க, பிறந்தநாள் எழுதிய 366 நீலக் குப்பிகளைக் கண்ணாடிக் குடத்தில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. சரியாகக் கலக்காததால் டிசம்பரில் பிறந்தவர்கள் அதிகம் மாட்டினார்கள் என்று புள்ளியியலாளர்கள் காட்டினார்கள். உத்திரமேரூரில் குடத்தை நன்றாகக் குலுக்கச் சொல்லியாவது வைத்தார்கள்.

மீ. (வியாழன் இரவு)

குடவோலைக்கு என் ஓட்டு. அழைப்புக் கடிதத்துக்குப் படையோலை வைத்துவிடலாம். 'ஓலை வந்துவிட்டது' என்றால் எமன் நினைவு வரும், அதுவும் தவறில்லை.

முறைப்படையை ஸ்வீடன் இடறும். 2010இல் நிறுத்தி, 2017இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், இம்முறை பெண்களுக்கும். எல்லாருக்கும் படிவம் போகும், எடுப்பது சிறு பங்கு. எல்லார் முறையும் வராது. முறை என்றால் ஏமாற்று.

செ. (வெள்ளி காலை)

'முறைப்படை' என்று தட்டச்சு செய்து பாருங்கள். என் கணினி நான்கு முறையும் 'முறைப்படி' என்று திருத்தியது. 'ஸ்வீடன் முறைப்படி 2017இல் மீண்டும் வந்தது.' வாக்கியம் தப்பே இல்லாமல் பொருள் மட்டும் காணாமல் போகிறது. அச்சகத்தில் யார் பிடிப்பார்?

வே. (வெள்ளி காலை)

முறை என்றாலே முறைமாமன் நினைவுதான் பிள்ளைகளுக்கு வரும். நான் படைக்கடனிலேயே நிற்கிறேன். புறநானூறு 279ஐயும் ஒருமுறை பாருங்கள். முதல் நாள் தமையன் பட்டான், நேற்றுக் கணவன் பட்டான், இன்று ஒரே மகனின் குடுமியில் எண்ணெய் நீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள் ஒருத்தி. வேந்தன் சட்டம் போடவில்லை. அது கட்டாயமா, விருப்பமா? இரண்டு சொல்லும் அங்கே நிற்காது. கடன் நிற்கும்.

யா. (வெள்ளி மதியம்)

ஐயா, அந்தப் பாட்டில பொடியனை ஒருத்தரும் கேக்கேல்லை.

ந. (வெள்ளி மாலை)

கோப்பு போய்விட்டது. வைத்தவை: கட்டாயப் படைப்பணி, படைப்பணியர், படையோலை, குடவோலை, மனச்சான்று மறுப்பாளர். எதிரே விருப்பப் படை, முதல் இடத்தில் மட்டும் 'ஊதியம் பெறும்' என்று சேர்த்திருக்கிறேன். ஏழு வரிக் கட்டம் மூன்று வரி ஆனது. பயிற்சித் தலைப்பிலிருந்து கட்டாயத்தை எடுத்துவிட்டு 'யார் படைக்குப் போக வேண்டும்?' என்று மாற்றினேன். முறைப்படை போனதில் வருத்தம் உண்டு. யா. சொன்னபடி ஆட்சேர்ப்பு எங்குமே இல்லை. மீ. அம்மா, உடன்படிக்கை வாக்கியம் இடறலோடு அப்படியே இருக்கிறது.

மூவர் சம்மதம், ஒருவர் எதிர்ப்பு. சி. இன்னும் கோபத்தில் இருப்பார் என்று நினைக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

வே. (ஞாயிறு விடியற்காலை)

அன்புள்ள ந.,

கட்டாயம் குறித்து ஒன்று விட்டுப்போயிற்று. ஆயம் என்பதற்குத் தலைவியின் தோழியர் கூட்டம் என்றும் பொருள் உண்டல்லவா? அவ்வாறாயின் கட்டு + ஆயம் என்பதைச் சுங்கமாகக் கொள்ளாமல், கட்டுண்ட கூட்டம் எனக் கொள்வோமானால், படைக்கு மிகப் பொருந்தும். நாற்பது பக்கக் கட்டுரை ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். தலைப்பை மட்டும் இன்னும் மாற்ற இயலுமா?

ந. (ஞாயிறு)

ஐயா, அச்சுக்குப் போயாச்சு.