மலரின் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுப் படிப்பு: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

மலர்: பேருந்தில் போகும்போது யூடியூபில் தமிழ்ப் பாடம் கேட்கிறேன். கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. மாதிரித் தேர்வில் ஐங்குறுநூற்றில் பாலை பாடியவர் யார் என்று கேட்டால் முழிக்கிறேன். என்ன செய்யலாம்?

பெரியப்பா: அதற்கு வெண்பாவே இருக்கிறதே அம்மா.
"மருதமோ ரம்போகி நெய்தலம் மூவன்
கருதுங் குறிஞ்சி கபிலன்"
என்று தொடங்கும். அடுத்து பாலைக்கு ஓதலாந்தை, முல்லைக்குப் பேயன். நாலே வரியில் ஐந்து திணை, ஐந்து புலவர். எதுகையும் மோனையும் அடுத்த சொல்லைத் தானே இழுத்துக்கொண்டு வரும். எட்டுத்தொகைக்கு "நற்றிணை நல்ல குறுந்தொகை", பத்துப்பாட்டுக்கு "முருகு பொருநாறு". மனசுக்குள் ஓட்டாதே, வாய்விட்டுச் சொல்.

வினோத்: பெரியப்பா சொல்வது சரி. மலர், தமிழில் 150க்கு 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் வெறுமனே கேட்டுக்கொண்டு போவதை விட்டுவிடு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்று இருவர் 2006இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். தெரிந்த மாதிரி இருப்பதை நம்பாதே.

மலர்: அப்போ ஆடியோவே வேண்டாமா அண்ணா? எனக்குக் கிடைக்கிற நேரமே பேருந்தில்தான்.

வினோத்: வேண்டும். ஆனால் நீயே பதிவு செய். போனில் ரெக்கார்டரைத் திற, கேள்வியைச் சொல், ஐந்து விநாடி சும்மா விடு, அப்புறம் விடையைச் சொல். கேட்கும்போது அந்த ஐந்து விநாடிக்குள் நீ முந்திக்கொண்டு விடை சொல்லிவிட வேண்டும். பேருந்தில் உதடு அசைத்தால் போதும்.

மலர்: என் குரலிலேயா? கூச்சமாக இருக்குமே.

வினோத்: உன் குரல்தான் நல்லது. கனடாவில் ஃபோரின், மெக்லியோட் சோதித்ததில், வாய்விட்டுப் படித்த சொற்கள் அதிகமாக நினைவில் நின்றன. அடுத்து, தன் குரலைப் பதிவில் கேட்டவை. பிறர் படிக்கக் கேட்டது அதற்கும் கீழே, சத்தமில்லாமல் படித்தது கடைசி. நீ பதிவு செய்யும்போதே ஒருமுறை வாய்விட்டுப் படித்தாகிவிடுகிறது, பாதி வேலை அங்கேயே முடிந்தது.

செல்வி அத்தை: வெண்பா இல்லாத பாடத்துக்கு வீட்டைப் பிடித்துக்கொள் கண்ணு. துறைத் தேர்வுக்கு நான் அப்படித்தான் படித்தேன். அரசியலமைப்பின் 12 அட்டவணைகளையும் நம் ஊர் வீட்டில் வாசலிலிருந்து வைத்துக்கொண்டே போ. வாசலில் கோலத்துக்குப் பதில் இந்திய வரைபடம், அது மாநிலங்கள், அட்டவணை 1. திண்ணையில் சம்பளக் கவர், 2. கூடத்தில் தாத்தா கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கிறார், 3. மாடிப்படியில் மாநிலங்களவை இடங்கள், 4. சமையலறையில் மூன்று டப்பா: ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல், அது 7. பக்கத்தில் ரேடியோ 22 மொழியில் பேசுகிறது, 8. கொல்லைச் சுவரை ஒருவன் எகிறிக் குதிக்கிறான், கட்சித் தாவல், 10. விட்டுப்போனதை நீயே வை. நீ வைத்தால்தான் நிற்கும்.

மலர்: கொல்லைச் சுவர் இனி மறக்கவே மறக்காது அத்தை!

வினோத்: ஒரே பதிவைத் தினமும் போடாதே. மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம் கழித்து. தப்பாகச் சொன்ன கேள்விகளை மட்டும் தனியாக இன்னொரு பதிவில் போடு.

மலர்: (குரல் பதிவு 1:42) ஐங்குறுநூறு, எட்டுத்தொகை மட்டும் முதலில் செய்திருக்கிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.

பெரியப்பா: கேட்டேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் கேள்வி முடிந்ததும் விடையைச் சொல்லிவிடுகிறாய், எனக்கே யோசிக்க நேரமில்லை. இன்னும் கொஞ்சம் விடு.

மலர்: சரி பெரியப்பா, மாற்றி ராத்திரிக்குள் போடுகிறேன்.