66 சிசி சைக்கிள் இன்ஜின்: பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் திக்குகிறது

பெடல்மோட்டார்:
சைக்கிளில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் கிட், அதோடு வந்த என்டி கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்). பெட்ரோல், ஆயில் கலவை 25:1. ஸ்டார்ட்டிங், ஐடிலிங் இரண்டும் சரி. பாதிக்கு மேல் முறுக்கினால் தடதடவென்று திக்குகிறது, வேகம் ஏறுவதில்லை. பிளக் கறுத்து ஈரமாக இருக்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியில் கிளிப் நடுப் பள்ளத்தில். ஜெட் (பெட்ரோல் வரும் துளையுள்ள திருகு) 70. எதில் கை வைப்பது?

ஊசிமுனை:
பெட்ரோல் அதிகம் போகிற அறிகுறி. உறுதிப்படுத்த, திக்கும் வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு டேங்க் குழாயை மூடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்கும்போது, அணைவதற்கு முன் சில நொடி சுத்தமாக இழுத்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்) தான். பயன்படுத்திய ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருந்தாலும், சோக் லீவர் பாதி மூடியிருந்தாலும் இதே மாதிரி வரும், முதலில் அவற்றைப் பாருங்கள்.

பிறகு கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும், காற்று, பெட்ரோல் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஜெட்டைக் குறை சொல்வார்கள். திரும்பப் போடும்போது ஸ்லைடின் (ஊசியோடு ஏறி இறங்கும் உருளை) வெட்டு ஐடில் ஸ்க்ரூ பக்கம் வரவேண்டும். இல்லாவிட்டால் ஸ்லைடு முழுதும் இறங்காது.

ஊசி வேலை செய்வது ஏறத்தாழ கால் முதல் முக்கால் திறப்பு வரை. முழுத் திறப்பில் மட்டும் திக்கல் மிஞ்சினால் ஜெட்டை 68, பிறகு 65 என்று இறக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது சரிசெய்தது என்று தெரியாது.

ரீட்வால்வு:
அதற்கும் முன்னால் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் இன்டேக் குழாயில் செருகும் இடமும் சிலிண்டர் பக்க கேஸ்கெட்டும் சந்தேகத்துக்குரியவை. ஐடிலிங்கில் அங்கே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், சத்தம் மாறினால் கசிவு. முறுக்கியதை விட்டபின் வேகம் இறங்கத் தயங்குவதும் அதே அடையாளம். கசிவோடு டியூன் செய்தால் அதை மூடியதும் எல்லாம் மாறிவிடும்.

பெட்ரோல், ஆயில் கலவையையும் இனி மாற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும், அதாவது லீன். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. அளவுக் குடுவையில் ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம்.

பெடல்மோட்டார்:
கிளிப்பை ஏற்றினேன், நடுவில் சரியாகிவிட்டது. முழுத் திறப்பில் இன்னும் லேசாகத் திக்குகிறது. 65 ஜெட் போட்டபின் போதும் என்று எப்படி முடிவு செய்வது?

ஊசிமுனை:
புது பிளக் மாட்டி, ஒரு ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுங்கள். முறுக்கைக் குறைக்காமலே கில் ஸ்விட்சை அழுத்திக் கிளட்சைப் பிடியுங்கள். ஐடிலிங்கில் நின்ற பிளக் உண்மை சொல்லாது. பீங்கானின் அடிப்பகுதியில் மங்கிய பழுப்பு வளையம் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் உடனே பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்கள், லீனில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிடும். கொஞ்சம் கறுப்பு பரவாயில்லை.