மறு: ‘அட்வான்ஸ்ட் ரீசைக்ளிங்’ தமிழ்ல என்ன? (‘மேம்பட்ட’ வேணாமே)

நம்ம கலைச்சொல் குழுவுல எல்லாருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் கழிவை சூட்டாலயோ வேதிப்பொருளாலயோ எண்ணெயா, மூலப்பொருளா மாத்துறதுக்கு ‘அட்வான்ஸ்ட் ரீசைக்ளிங்’னு பேரு, அதுக்குத் தமிழ்ல என்ன சொல்றதுங்கிறதுதான் இங்க கேள்வி.

மூணு நாளா இந்த இழையைப் படிச்சிட்டே இருக்கேன், பதில் போடணும் போடணும்னு நெனச்சு இப்ப ராத்திரி பதினொன்றரைக்குத்தான் உக்காந்திருக்கேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

மொதல்ல ஐயா எழுதினது:

> அட்வான்ஸ்ட் என்பதற்கு ‘மேம்பட்ட’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது. ‘மேம்பட்ட மறுசுழற்சி’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

ஐயா, மொழிபெயர்ப்பா பாத்தா ஒரு தப்பும் இல்ல. ஆனா நாம மொழிபெயர்க்கிறது கலைச்சொல்லே இல்ல, விளம்பரச் சொல். வேதியியல் புத்தகத்துல இதுக்கு கெமிக்கல் (வேதி) ரீசைக்ளிங், ஃபீட்ஸ்டாக் (மூலப்பொருள்) ரீசைக்ளிங்னு பேரு இருக்கு, ஐஎஸ்ஓ 15270-ங்கிற சர்வதேசத் தரத்துல ரெண்டும் ஒண்ணுதான்னே போட்டிருக்காங்க. ‘அட்வான்ஸ்ட்’ங்கிறதை எடுத்து பெருசா ஓட விட்டது அமெரிக்கன் கெமிஸ்ட்ரி கவுன்சில், அதாவது பிளாஸ்டிக் தயாரிக்கிறவங்களோட சங்கம். 2017-ல ஃபுளோரிடா தொடங்கி அங்க இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள்ல சட்டம் கொண்டு வந்தாங்க, இந்த ஆலைகளை குப்பைக் கிடங்கு, குப்பை ஆலை கணக்குல சேர்க்கக் கூடாது, சாதா உற்பத்தித் தொழிற்சாலையா நினைக்கணும்னு. அப்ப குப்பை ஆலைக்கு உள்ள அனுமதி, கெடுபிடி எதுவும் இதுக்குக் கிடையாது. பேரை மாத்தினா சட்டமே மாறுது பாத்தீங்களா, அதனாலதான் நாம பேர் வைக்கும்போது கொஞ்சம் நிதானமா வைக்கணும்ங்கிறேன்.

2024 செப்டம்பர்ல கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் ராப் போண்டா எக்ஸான்மொபில் மேல போட்ட வழக்குல இந்தச் சொல்லே ஒரு குற்றச்சாட்டு. அட்வான்ஸ்ட் ரீசைக்ளிங்னு சொல்லி உள்ள போடுற பிளாஸ்டிக்ல 92 சதவீதம் பிளாஸ்டிக்கா திரும்பி வரலை, பெரும்பாலும் எரிபொருளாத்தான் போகுதுன்னு அதுல சொல்லியிருக்காங்க. கம்பெனி ஒத்துக்கல, அடுத்த ஜனவரியில அவர் மேலயே அவதூறு வழக்கு போட்டுச்சு. யார் பக்கம் நியாயம்னு கோர்ட் பாத்துக்கட்டும். கோர்ட்ல நிக்கிற ஒரு சொல்லுக்கு நாம ‘மேம்பட்ட’ன்னு தமிழ்ல நற்சான்றிதழ் எழுதிக் குடுக்க வேணாம்னு மட்டும் சொல்றேன்.

இப்ப நான் நேர்ல பாத்த ஒண்ணு. ஒரு சின்ன பைராலிசிஸ் (காத்தில்லாம சூடாக்கிச் சிதைக்கிற) யூனிட்டுக்கு மெஷின் கையேடு மொழிபெயர்க்கிற வேலை வந்துச்சு, ஊர் பேர் வேணாம். கையேட்டுல ‘வெப்பச்சிதைவுக் கலன்’, ‘ஒடுக்கி’ (ஆவியைக் குளிர வைக்கிற கண்டென்சர்)ன்னு அழகா எழுதிட்டுப் போயி காட்டினா, அங்க வேலை பாக்கிற அண்ணன் ஒரு தடவை படிச்சிட்டு, “தம்பி, நாங்க இதை எண்ணெய் வடிக்கிறதுன்னுதான் சொல்வோம்”னாரு. அவ்வளவுதான். காத்து புகாம கலனை மூடி நானூறு ஐநூறு டிகிரிக்கு சூடு ஏத்துறாங்க, பால் கவரும் கேரி பேக்கும் ஆவியாகி குழாய் வழியா வந்து குளுந்து கருப்பா சொட்டுது. சாராயம் வடிக்கிற அதே வடிவம்தான், சொல்லும் அதே சொல். பெட் பாட்டில் கலந்துட்டா வெள்ளையா அமிலத்தூள் படிஞ்சு குழாய் அடைச்சுக்கும், பிவிசி பைப்பு துண்டு ஒண்ணு ரெண்டு உள்ள போனா ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பி இரும்பையே அரிச்சிடும், அதனால வாசல்ல ரெண்டு அம்மாங்க உக்காந்து கையால பிரிச்சிட்டே இருக்காங்க. ‘மேம்பட்ட’ தொழில்நுட்பத்தோட மொத வேலை அந்தக் கைகள்லதான் நடக்குது. (கடைசில கையேட்டுல நான் ‘வடிப்பு’ன்னு போடல, கஸ்டமர் ஒத்துக்க மாட்டாருன்னு பயம். இப்ப வருத்தமா இருக்கு.)

வடிச்ச எண்ணெய் எங்க போச்சுன்னு கேட்டேன், பாய்லருக்குன்னாங்க. இங்கதான் பேர் பிரச்சனை ஆரம்பிக்குது. ஐரோப்பாவுல 2008 கழிவுச் சட்டகம் சொல்ற மறுசுழற்சி விளக்கத்துல, எரிபொருளா மாத்துறது சேராதுன்னு பச்சையா எழுதியிருக்கு. நம்ம நாட்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதியிலயும் கழிவை எண்ணெயாக்குறது சிமெண்ட் சூளை, தார் ரோடு வரிசையில ‘ஆயுள் முடிவு’ கணக்கு, அதே எண்ணெய் திரும்ப பிளாஸ்டிக் செய்ய மூலப்பொருளா போனா மட்டும் மறுசுழற்சி கணக்கு. ஆக ஒரே கலன், ஒரே சொட்டு, டேங்கர் எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதை வச்சு பேர் மாறுது. மெஷினுக்கு மறுசுழற்சின்னு பேர் வைக்கிறது அதனாலதான் தப்புங்கிறேன், பேர் விளைபொருளுக்குத்தான் வைக்கணும்.

அடுத்து யாழ்ப்பாணத்து அக்கா கேட்டது:

> எங்கட பாடப்புத்தகத்தில பல்பகுதியம் எண்டுதான் இருக்கு, ரீசைக்ளிங்குக்கு மீள்சுழற்சி. நீங்கள் பலபடி எண்டு சொல்லுறது எங்கட பிள்ளையளுக்கு விளங்காது. டிபாலிமரைசேஷனுக்கு என்ன போடப்போறியள்?

அக்கா, பலபடி, பல்பகுதியம் ரெண்டுமே பாலிமருக்குத்தான், அதாவது சின்ன மூலக்கூறு கோத்த நீளச் சங்கிலிக்கு; அதைப் பிரிக்கிறது டிபாலிமரைசேஷன். பலபடியா பல்பகுதியமாங்கிற சண்டையை இன்னிக்கு எடுத்தா பொங்கலுக்குத்தான் முடியும், அதுக்கு ஒரு வழி இருக்கு, ரெண்டையும் தொடாத ஒரு வினைச்சொல்லா எடுத்துட்டா? நான் பூமாலையை வச்சு யோசிச்சேன். பெட் பாட்டில் முடிச்சு போட்டுக் கட்டின சரம், பூவுக்குப் பூ எஸ்டர் முடிச்சு இருக்கு. மெத்தனாலோ கிளைக்காலோ விட்டு சூடாக்கினா அந்த முடிச்சு மட்டும் அவிழும், பூ கசங்காம கைக்கு வரும், திரும்பக் கட்டிக்கலாம். டென்னசியில ஈஸ்ட்மேன் கம்பெனி 2024-ல ஓட்ட ஆரம்பிச்ச ஆலை இந்த மெத்தனால் வழிதான். அதனால இதுக்கு அவிழ்ப்பு. கிளைக்கால் அவிழ்ப்பு, மெத்தனால் அவிழ்ப்பு, நொதி அவிழ்ப்பு, எல்லாத்துக்கும் ஒட்டுது.

பால் கவர் அப்படி இல்ல. பாலிஎத்திலீன்ல முடிச்சே கிடையாது, தலையிலேர்ந்து வால் வரைக்கும் ஒரே கார்பன் நூல், அவிழ்க்க எதுவும் இல்ல, கண்ட இடத்துல அறுக்கத்தான் முடியும். துண்டு ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, அதனாலதான் மெழுகு, எண்ணெய், கேஸ்னு கலந்து வருது. இதுக்கு வெப்பச்சிதைவுன்னு இருக்கிறதே போதும். அவிழ்ப்பையும் சிதைவையும் ஒரே ‘வேதி மறுசுழற்சி’ மூட்டையில கட்டுறதுலதான் ஏமாத்து நடக்குது, அவிழ்ப்போட நல்ல பேரைக் காட்டி சிதைவை வித்துடறாங்க.

கரைப்பான்ல கரைச்சு சாயம் அழுக்கு எல்லாம் நீக்கி எடுக்கிறதும் ஒண்ணு இருக்கு, அதுல பிணைப்பு ஒண்ணுகூட உடையறதில்ல, கிட்டத்தட்ட சலவைதான். அதுக்கு கரைத்தெடுப்பு. இதை வேதின்னு சேர்க்கவே தேவையில்ல.

சரி, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பொதுப்பேர் வேணும்னா? போன வாரம் நானே ‘மூலமீட்பு’ன்னு போட்டேன், வீட்ல சத்தமா சொல்லிப் பாத்தேன், எங்கம்மா “எந்த ஆஸ்பத்திரிலடா”ன்னு கேட்டாங்க. அதோட அது முடிஞ்சுது. ‘முதற்பொருள் மீட்பு’ன்னா இலக்கணம் படிச்சவங்க நிலமும் பொழுதும்னு ஆரம்பிச்சிடுவாங்க. இப்ப என் கையில இருக்கிறது கச்சாமீட்பு. கச்சா தமிழ் இல்லைன்னு ஐயா சொல்வாரு, தெரியும். ஆனா கச்சா எண்ணெய் தெரியாத ஆள் இல்ல, பேப்பர்ல தினம் வருது, கச்சாவுலேர்ந்து வந்த பொருள் கச்சாவுக்கே திரும்புதுங்கிறது ஒரே மூச்சுல புரியுது. பொருளாத் திரும்ப வந்தா கச்சாமீட்பு, பாய்லருக்குப் போனா எண்ணெய் வடிப்பு.

இதுல ஒரு இக்கட்டான உதாரணம் இருக்கு, நானே சொல்லிடறேன். ஜப்பான்ல கவாசாகியில ஒரு ஆலை 2003-லேர்ந்து பிளாஸ்டிக் கழிவை வாயுவாக்கி ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா செய்யுது. எரிபொருளும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. அவங்க சட்டம் அதை மறுசுழற்சின்னு ஏத்துக்குது. கச்சாமீட்புன்னா பொருந்துது, மறுசுழற்சின்னா எனக்கு ஒட்டல, போன சுழல் எங்க திரும்பி வந்துச்சு?

நடுவுல ஒண்ணு: ‘நெகிழி’யா ‘ஞெகிழி’யான்னு ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ஞெகிழின்னா பழந்தமிழ்ல கொள்ளிக்கட்டை. நம்ம ஊர் குப்பைமேட்டுப் பக்கம் சாயங்காலம் போனா அந்தப் பேரும் தப்பில்லன்னு தோணும்.

கடைசியா, எனக்கு நிஜமாவே சொல் கிடைக்காத இடம் மாஸ் பேலன்ஸ், அதாவது கலந்த சரக்குல மறுசுழற்சிப் பங்கை ஏட்டுல சில பொருளுக்கு மட்டும் ஒதுக்குற கணக்கு. ‘நிறைச் சமநிலை’ன்னு போட்டா இயற்பியல் பாடம் மாதிரி நேர்மையா இருக்கு, விஷயம் அவ்வளவு நேர்மையா இல்ல. பால் சொசைட்டியை நெனச்சுக்கங்க. நம்ம வீட்டு நாட்டுமாட்டுப் பால் ரெண்டு லிட்டர், ஊர்ப் பால் தொண்ணூத்தெட்டு லிட்டர், ஒரே கேன்ல ஊத்தியாச்சு. சாயங்காலம் ஒரு லிட்டர் பாக்கெட் நூறு வருது. ஒவ்வொண்ணுலயும் நாட்டுமாடு நூத்துக்கு ரெண்டு பங்கு இருக்குன்னு சொன்னா அது நியாயம், ஆனா ரெண்டு பாக்கெட்டை எடுத்து “இது முழுக்க நாட்டுமாடு”ன்னு சீட்டு ஒட்டி கூட விலைக்கு விக்கிறதுதான் இந்த மாஸ் பேலன்ஸ். வடிச்ச எண்ணெயை நாஃப்தாவோட (கச்சா எண்ணெய்லேர்ந்து வர்ற மூலப்பொருள்) கொஞ்சமா கலந்துதான் கிராக்கர்ல (பிளாஸ்டிக்குக்கான சின்ன மூலக்கூறா உடைக்கிற உலை) விட முடியும், அதனால இந்தக் கணக்கு இல்லாம தொழில் ஓடாதுங்கிறாங்க, அதுலயும் உண்மை இருக்கு. இங்க 2022 விதியில கெட்டி பிளாஸ்டிக் பேக்கிங்ல மறுசுழற்சிப் பங்கு 2025-26-ல 30 சதவீதம், 2028-29-ல 60 சதவீதம்னு வச்சிருக்காங்க, அந்தப் பங்கை எந்தக் கணக்குல காட்டுறாங்கங்கிறதுதான் நாளைக்கு பெரிய சண்டையா வரும்.

நான் யோசிச்சது ‘ஏட்டுப் பங்கீடு’. ஏட்டுல பங்கு, பாக்கெட்ல இல்ல. கொஞ்சம் குத்தலா இருக்கோ? கலைச்சொல்லுல குத்தல் இருக்கலாமா கூடாதாங்கிறதை ஐயாவே சொல்லட்டும். அக்கா, உங்க பக்கம் கணக்கியல் பாடத்துல இதுக்குக் கிட்டத்துல ஏதாவது சொல் இருந்தா போடுங்க, ஞாயிறு ராத்திரி வரைக்கும் சொல் பட்டியலை மூடாம வச்சிருக்கேன்.