கேஜிடிபியில ரெண்டாவது ஸ்டெப் நகருதே இல்லை: பிழை என்ர டிரைவரிலயா, டிபக்கரிலயா?

கடலோரம் (வெள்ளவத்தை):

வணக்கம் எல்லாருக்கும். மூண்டு பின்னேரமா ஒரே இடத்தில நிக்கிறன். ஆராவது இந்தப் பாதையால போயிருந்தா சொல்லுங்கோ.

வேலையில ஒரு டேட்டா லொகர் செய்யிறம். உள்ளுக்க ராஸ்பெரி பை 4, அதின்ர எஸ்பிஐ பஸ்ஸில ஒரு ஏடிசி (மின்னழுத்தத்தை இலக்கமா மாத்திற சிப்). டிரைவர் நான் எழுதினது. ஆறேழு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 256 பைட் வாசிப்பின்ர கடைசியில கொஞ்சம் பழைய பெறுமதி வந்து குந்தியிருக்கும். பிரின்ட்கே (கெர்னல் லொக்கில செய்தி எழுதிற வரி) போட்டா நேரம் மாறிப் பிழை ஒளிச்சிடும், எடுத்தா திரும்பி வரும். அதாலதான் கேஜிடிபிக்கு (இன்னொரு கணினியில ஓடுற ஜிடிபி டிபக்கரால கெர்னலையே நிப்பாட்டிப் பாக்கிற வசதி) வந்தனான்.

லினக்ஸ் கெர்னல் 5.15. எங்கட ஒபிசில 2021 கடைசியில எடுத்து வச்சது, அதுக்குப் பிறகு ஒருத்தரும் அப்டேட் பண்ணேல்ல. பையின்ர மினி யுவார்ட்டின்ர (சீரியல் போர்ட்) வேகம் கோர் கிளொக்கோட சேர்ந்து ஆடும் எண்டபடியா, புளூடூத்தை நிப்பாட்டி பிஎல்011 யுவார்ட்டை 8ஆம், 10ஆம் பின்னுக்கு எடுத்தனான். 115200 வேகம். கேஏஎஸ்எல்ஆர் (ஒவ்வொரு பூட்டிலயும் கெர்னலின்ர விலாசத்தை மாத்திற வசதி) நிப்பாட்டித்தான் கிடக்கு. சிஸ்ஆர்கியூ ஜி (டிபக்கருக்குள்ள போகச் சொல்லுற விசை) அடிச்சா கெர்னல் நிக்குது, லப்டொப்பில இருந்து ஜிடிபி வடிவாப் பிடிக்குது. பிரேக்பொயின்ட் சரியா விழுது, வேரியபிள் எல்லாம் தெரியுது.

ஸ்டெப் அடிச்சா முதலாவது தரம் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் நகரும். ரெண்டாவது தரம் அதே விலாசம். பத்துத் தரம் அடிச்சாலும் அதே விலாசம். கொன்டினியூ குடுத்து அடுத்த பிரேக்பொயின்ட்டில நிண்டாலும், அங்கயும் இதே கதை.

ஜிடிபியில ரிமோட் டிபக்கைத் திறந்து வச்சுப் பக்கெட்டுகளை ஒவ்வொண்டாப் பாத்தன். டொலர் அடையாளம், சின்ன எஸ், ஹாஷ், 73. சின்ன எஸ்ஸின்ர ஹெக்ஸ் பெறுமதி 73தான், அப்ப செக்சம் சரி. போட் பிளஸ் அடையாளம் அனுப்பி ஏற்றுக்கொள்ளுது, பேந்து சிக்னல் 05 எண்டு மறுமொழி தருது. அதாவது 'ஸ்டெப் முடிஞ்சுது' எண்டு கெர்னல் சொல்லுது. ஆனா பிசி ரெஜிஸ்டரை (அடுத்து ஓட இருக்கிற இன்ஸ்ட்ரக்ஷனின்ர விலாசம்) வாசிச்சா அசையேல்ல.

இன்னொண்டு, இதோட சம்பந்தமோ தெரியேல்ல. கேடிபிக்குள்ள (கெர்னலுக்குள்ளயே இருக்கிற, கட்டளை அடிச்சுப் பாக்கிற டிபக்கர்) நிண்டு, குறிப்பில எழுதி வச்சிருந்த நீளமான ஒரு வரியை ஒட்டினனான். நடுவில ஒரு சிம்பல் பேர் பிழை எண்டு கேர்சரைப் பின்னுக்குக் கொண்டு போய் டாப் அமத்தினன். திரையில குப்பை வந்து போட் அப்பிடியே செத்துப் போச்சு. ரெண்டு தரம் நடந்தது.

ஒபிசில பெரியவர் ஒருத்தர் "டிபக்கரை நம்பாத, பிரின்ட்கேயே போடு" எண்டுறார். எனக்கு அது மனசுக்கு ஒத்து வரேல்ல. பிழை பிடிக்கிற கருவியிலயே பிழை எண்டா, அதை விட்டுட்டுப் போறது எப்பிடி? அடுத்து வாறவரும் இதே கிடங்கிலதானே விழுவார்.

சீரியல்காரன் (கொட்டாஞ்சேனை):

தங்கச்சி, முதல்ல வயர். கேஜிடிபியில பிழை எண்டு நான் தேடித் திரிஞ்சது கனக்க, கடைசியில வயரிலதான் முடிஞ்சது. வெள்ளவத்தையில கடல் காத்து அடிக்கிற வீடு எண்டா ஹெடர் பின் ஆறு மாசத்தில மங்கிக் கறள் பிடிச்சிடும். அழிறப்பரால தேய்ச்சுப் பாருங்கோ. 6ஆம் பின்னில கிரவுண்ட் இறுக்கமா இருக்கோ எண்டும் பாருங்கோ. முதலாம் குறுக்குத் தெருவில வாங்கின யுஎஸ்பி அடப்டர் எண்டா 3.3 வோல்ட், 5 வோல்ட் எண்டு மாத்திற ஜம்பர் இருந்தாலும் இருக்கும். 5இல கிடந்தா உடன கழட்டுங்கோ, பையின்ர பின்னுகள் 5 வோல்ட் தாங்காது.

வயரே இல்லாமல் சோதிக்கவும் வழி இருக்கு. கெர்னலுக்குள்ள கேஜிடிபிடிஎஸ் எண்டு ஒரு சோதனைத் தொகுதி கிடக்கு. அது ஜிடிபி மாதிரித் தானே பக்கெட் செய்து டிபக்கருக்குக் குடுத்துப் பாக்கும். வயர் எண்ட சந்தேகம் அதோட தீரும்.

வயர் சரி எண்டா என்ர ஊகம் டைமர் இன்டரப்ட். நீங்கள் நிப்பாட்டி வச்சிருக்கிற நேரத்தில அது சேர்ந்து நிண்டு, ஸ்டெப் விட்டவுடன முந்திக்கொண்டு ஓடும்.

மலைக்காற்று (பம்பலப்பிட்டி):

பக்கெட் பதிவை இவ்வளவு கவனமாகப் பார்த்துத் தந்ததற்கு நன்றி. அதை வைத்தே பாதி வழி போய்விடலாம். செக்சம் பொருந்துகிறது, கெர்னலும் பதில் தருகிறது. ஆகவே வயர் அல்ல. இன்டரப்ட்டும் அல்ல. அது குறுக்கிட்டிருந்தால் பிசி இன்டரப்ட் நுழைவாயிலுக்குக் குதித்திருக்கும். உங்களுடையது நின்ற இடத்திலேயே நிற்கிறது. 'ஓர் அடியும் வைக்காமல் அடி வைத்தேன் என்று சொல்வது' ஆர்ம் 64இல் ஒரு குறிப்பிட்ட நிலைமையின் அடையாளம்.

எக்ஸ்86இல் டிராப் ஃபிளாக் என்று ஒரு பிட் உண்டு. அதை ஏற்றிவிட்டால், இறக்கும் வரை ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனுக்குப் பின்னும் புரொசெசர் டிபக்கரிடம் திரும்பி வரும். ஆர்ம் 64இல் இரண்டு தேவை. எம்டிஎஸ்சிஆர் ரெஜிஸ்டரில் உள்ள எஸ்எஸ் பிட், 'ஸ்டெப் வசதி இயங்குகிறது' என்று சொல்வது. அது போட்டால் போட்டபடி இருக்கும். மற்றது பிஸ்டேட்டில் (புரொசெசரின் அப்போதைய நிலையைச் சொல்லும் பிட்டுகள்) 21ஆவது பிட், அதற்கும் எஸ்எஸ் என்றுதான் பெயர். இது காலி வீதி பஸ்ஸில் வாங்கும் டிக்கெட் போல, ஒரு பயணத்துக்கு மட்டும். பிட் 1 ஆக இருக்கும்போது கெர்னலுக்குத் திரும்பினால் ஓர் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடும், ஓடி முடிந்ததும் ஹார்ட்வேர் அதை 0 ஆக்கிவிடும். 0 ஆக இருக்கும்போதே திரும்பினால், ஒரு இன்ஸ்ட்ரக்ஷனும் ஓடாமல் உடனே ஸ்டெப் எக்செப்ஷன் வந்துவிடும். நீங்கள் காண்பது அதுதான்.

கெர்னல் மூலத்தில் ஆர்ம் 64இன் கேஜிடிபி கோப்பைத் திறந்து, எஸ் பக்கெட்டைக் கையாளும் இடத்தைப் பாருங்கள். 'ஸ்டெப் வசதி இன்னும் இயங்கவில்லையென்றால் இயக்கு' என்று ஒரு இஃப் இருக்கும். முதல் தடவை அது இரண்டு பிட்டையும் போடுகிறது. இரண்டாம் தடவை 'ஏற்கெனவே இயங்குகிறதே' என்று பேசாமல் போய்விடுகிறது. புது டிக்கெட் யாரும் எடுக்கவில்லை. எக்ஸ்86 பழக்கத்தில் வாசித்தால் அந்த இஃப் சரியாகவே தோன்றும். இத்தனை வருடம் அது கண்ணுக்குப் படாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதை என் வாய்ச்சொல்லாக எடுக்காமல் கண்ணால் பாருங்கள். டிபக்கரின் உள்ளே அதே டிபக்கரால் பிரேக்பொயின்ட் வைக்க முயலாதீர்கள், அது தன் வாலைத் தானே விழுங்கும். கியூஎமுவில் (ஒரு கணினியை மென்பொருளாலேயே போலச் செய்யும் கருவி) அதே கெர்னலை ஏற்றுங்கள். கியூஎமுவின் சொந்த ஜிடிபி வாசல் 1234ஆம் போர்ட்டில் இருக்கும். அதில் ஒரு ஜிடிபி, கெர்னலின் சீரியல் வாசலில் இன்னொரு ஜிடிபி. வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். புரொசெசராகக் கோர்டெக்ஸ் ஏ72ஐக் கொடுங்கள், உங்கள் பையில் இருப்பதும் அதுதான்.

கடலோரம்:

மலைக்காற்று ஐயா, நேற்று இரவு ரெண்டு மணி வரைக்கும் இதிலதான் இருந்தனான். சீரியல்காரன் அண்ணா, பின்னுகளும் தேய்ச்சனான், உண்மையாவே மங்கிப் போய்த்தான் கிடந்தது. ஆனா ஸ்டெப்பில மாற்றம் இல்லை. கியூஎமுவில வயரே இல்லை, அங்கயும் அச்சொட்டா அதே பிழை வந்தது. அதிலயே எனக்கு அரைவாசி நிம்மதி.

மேசையில ரெண்டு டேர்மினல். இடப்பக்கம் வெளி ஜிடிபி, வலப்பக்கம் உள் ஜிடிபி. வெளியில இருந்து, எஸ் பக்கெட்டைக் கையாளுற ஃபங்ஷனின்ர வாசலிலயும் அது திரும்பிப் போற இடத்திலயும் பிரேக்பொயின்ட் வச்சன். உள்ளுக்க ஸ்டெப் அடிச்சன். வாசலில பிஸ்டேட் 60000005. திரும்பிப் போகேக்க 60200005. நடுவில வந்த அந்த 2தான் 21ஆவது பிட். உள் ஜிடிபியில பிசி நாலு பைட் நகர்ந்தது.

ரெண்டாவது தரம் அடிச்சன். வாசலில 60000005. கைவிரல் நடுங்கிக்கொண்டுதான் கொன்டினியூ அடிச்சனான். திரும்பிப் போகேக்கயும் 60000005. அந்த 2 வரேல்ல. பிசி அதே இடம்.

ஐயா சொன்ன இஃப் அப்பிடியே அங்க கிடந்தது. கீழ ஒரு எல்ஸ் போட்டு, பிஸ்டேட்டில அந்த ஒரு பிட்டைத் திருப்பி ஏற்றினன். கொம்பைல் பண்ணி ஏத்திப் பாத்தா ரெண்டாவது, மூண்டாவது, இருபதாவது ஸ்டெப்பும் நகருது. பேந்துதான் புது கெர்னலின்ர மரத்தைத் திறந்து பாத்தன். 2023இல இதே எல்ஸ் மெயின்லைனுக்குள்ள (லினக்ஸின்ர பிரதான மூல மரம்) வந்திருக்கு, காரணமும் அதேதான். எங்கட 5.15 அதுக்கு முந்தினது. முதலே அங்க போய்த் தேடியிருக்கலாம், ஆனா அந்த 2 வராமல் விட்டதைக் கண்ணால பாத்தபடியா இது இனி மறக்காது.

என்ர எல்ஸை எடுத்துட்டு மெயின்லைன் பட்சைத்தான் எங்கட மரத்துக்குக் கொண்டு வாறன். சொந்தமா எழுதினதை வச்சிருந்தா நாளைக்கு அப்டேட் பண்ணேக்க மோதும்.

தெஹிவளைத் தம்பி:

அக்கா, அந்த டாப் விஷயத்தை ஒருத்தரும் தொடேல்ல. அது வேற பிழை, ஆனா அதுவும் உண்மையான பிழைதான். சிவிஈ-2024-39480 எண்டு, பாதுகாப்புப் பிழைகளுக்குக் குடுக்கிற இலக்கமும் இருக்கு.

நான் அந்த ஃபங்ஷனை வரி வரியா வாசிச்சிருக்கிறன். கேடிபியில நீங்கள் அடிக்கிற வரிக்கு 200 எழுத்து இடம். டாப் அமத்தினா மிச்ச எழுத்தைக் கண்டுபிடிச்சு, கேர்சர் நிக்கிற இடத்தில செருகும். செருகிறதுக்கு ஸ்ட்ரென்கொப்பியைப் பாவிச்சிருக்கினம். அதுக்குக் குடுக்கிற நீளம், போய்ச் சேருற இடத்தில எவ்வளவு மிச்சம் கிடக்கு எண்டதா இருக்கவேணும். இங்க குடுத்தது வாற எழுத்தின்ர நீளம். அப்ப அந்த அளவு எதையுமே காவல் காக்கேல்ல. வரி நிரம்பி, கேர்சர் நடுவில நிண்டா, எழுத்து பஃபரைத் தாண்டிப் பக்கத்து மெமரிக்குள்ள போகும். நீங்கள் செய்தது அதேதான்: நீளமான வரி ஒட்டினது, பின்னுக்குப் போனது, டாப்.

2024இல டேனியல் தொம்சன் அதைத் திருத்தினவர். ஸ்ட்ரென்கொப்பியை எடுத்துட்டு, இடம் இருக்கோ எண்டு முதல்ல பாத்து, பேந்து மெம்மூவால பின்பக்கத்தை நகர்த்தி இடம் விட்டுச் செருகிறது. அந்தத் தொடரில கேர்சர் கையாளுறதுக்கும் வேற திருத்தங்கள் இருக்கு, சேர்த்தே எடுங்கோ.

கொன்சோலில கை வைக்கக் கூடிய ஆள்தானே இதைச் செய்ய ஏலும், பெரிய விஷயமில்லை எண்டு சிலர் சொல்லுவினம். நான் அப்பிடி நினைக்கேல்ல. மெமரி எப்பிடிக் கெட்டது எண்டு பாக்கத்தான் கேடிபிக்குள்ள போறம். அதே கேடிபி மெமரியைக் கெடுத்தா, பாக்கிறது எல்லாம் பொய்ச் சாட்சி.

சீரியல்காரன்:

வயரெண்டும் இன்டரப்ட் எண்டும் நான் சொன்னது ரெண்டும் பிழை, மலைக்காற்று அண்ணை சரியாப் பிடிச்சிட்டார். ஆனா தங்கச்சி, இன்டரப்டை மறக்காதேங்கோ. இனிமேல்தான் அது வரும். இவ்வளவு நாளும் ஸ்டெப்பே நகராதபடியா அது வெளியில தெரியேல்ல.

கடலோரம்:

அண்ணா, நீங்கள் சொன்னது ஒரு மணித்தியாலத்தில வந்துட்டுது. போட்டில புது கெர்னல் ஏத்தி, என்ர டிரைவருக்குள்ள ஸ்டெப் அடிச்சுக்கொண்டு போக, திடீரெண்டு இன்டரப்ட் நுழைவுக் கோடுக்குள்ள போய் நிண்டுது. இப்ப செய்யிறது, இன்டரப்ட் திறந்திருக்கிற இடங்களில ஸ்டெப் அடிக்காமல், அடுத்த வரியில தற்காலிக பிரேக்பொயின்ட் ஒண்டு வச்சுக் கொன்டினியூ குடுக்கிறது. இன்டரப்ட் தன்ர வேலையை முடிச்சுட்டு வரும், நான் நினைச்ச வரியில நிக்கும்.

தம்பி, டாப் திருத்தத்தைத் தொடராவே எடுத்தனான். அதே வரியை ஒட்டி, அதே இடத்தில டாப் அமத்தினன். இடம் போதாதபடியா ஒண்டும் செருகேல்ல, போட் உயிரோட நிண்டுது.

கடைசியா, இதெல்லாம் துவங்கினதுக்குக் காரணமான அந்தப் பழைய பெறுமதி. வாசிப்பு முடியிற இடத்தில நிப்பாட்டி, என்ர ஸ்ட்ரக்டின்ர விலாசங்களை ஜிடிபியில ஒவ்வொண்டா எழுதிப் பாத்தன். டிஎம்ஏ (புரொசெசர் இல்லாமல் நேரா மெமரிக்கு எழுதிறது) பஃபரின்ர கடைசிப் பைட்டுகளும், நான் பின்னால வச்ச ஒரு கவுன்டரும் ஒரே 64 பைட் கேஷ் லைனுக்குள்ள (கேஷ் ஒரே தரமா எடுக்கிற மெமரித் துண்டு) கிடந்தது. டிஎம்ஏ மெமரிக்கு எழுதிக்கொண்டிருக்கேக்க வேற ஒரு கோர் கவுன்டரைக் கூட்டினா, அந்த லைன் முழுக்கப் பழசாக் கேஷுக்குள்ள வந்து, புதுப் பெறுமதிக்கு மேலயே திருப்பி எழுதுப்படும். பிரின்ட்கே போட்டா நேரம் விலகிறபடியா ரெண்டும் சந்திக்காது. பஃபரை கேஷ் லைனின்ர துவக்கத்தில இருந்து தனிய வச்சன். நேற்றுப் பின்னேரம் 5 மணிக்கு ஓட விட்டது, இப்ப காலமை 9 மணி. இன்னும் ஒரு பிழைப் பெறுமதியும் வரேல்ல.

ரெண்டு பட்சையும் 60200005 கணக்கையும் ஒபிஸ் மரத்தில கொமிட் செய்தியில தமிழிலயும் ஆங்கிலத்திலயும் எழுதி வச்சிருக்கிறன். பெரியவரும் வாசிச்சவர். திங்கக்கிழமை தன்ர போட்டிலயும் கேஜிடிபி போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.