புதுச் சிற்றினம், புதுப் பேரினம், புதுக் குடும்பம்: கோடு எங்கே விழுகிறது?

மலைச்சரிவு (கேள்வி)

வணக்கம். முதுகலை விலங்கியலில் வகைப்பாட்டியல் படிக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளைக்கு 2003இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பொசாய்ட்டும் நாசிகாபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்று பெயர் வைத்தபோது சிற்றினம், பேரினம், குடும்பம் மூன்றையுமே புதிதாக அமைத்தார்கள். 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சரிவிலிருந்து விவரிக்கப்பட்ட தவளையோ அதே பேரினத்தின் இரண்டாவது சிற்றினமாக, நாசிகாபட்ராகஸ் பூபதி என்று சேர்ந்தது. முதலாவதுக்குக் குடும்பம் வரை போனவர்கள், இரண்டாவதுக்குச் சிற்றினத்தோடு நின்றது எந்த அளவுகோலில்? டிஎன்ஏ இத்தனை விழுக்காடு வேறுபட வேண்டும் என்று விதி ஏதும் உண்டா?

தலைப்பிரட்டை

விழுக்காட்டு விதி கிடையாது. இரண்டு கேள்விகள் இங்கே கலந்துவிட்டன. 'இது தனியாகப் பிரிந்து வாழும் பரம்பரையா?' என்பது சோதித்துப் பார்க்கக்கூடியது. சிற்றினத்துக்கான கேள்வி அதுதான். 'அதற்கு எந்தப் படிநிலை?' என்பதில் ஒரே நிபந்தனை, நீங்கள் அமைக்கும் குழுவில் ஒரு பொது மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்கு உட்பட்டு, பேரினம் என்பதா குடும்பம் என்பதா என்பது வகைப்பாட்டாளர்கள் பேசி ஏற்கும் வழக்கு.

ஊதாத் தவளையின் மரபணுக்கள் அதன் நெருங்கிய உறவாகக் காட்டியது செஷல்ஸ் தீவுகளின் சூக்ளாசிடே குடும்பத்தை. அந்தக் குடும்பத்துக்குள் இது விழவில்லை, பக்கத்துக் கிளையாக நின்றது. அங்கே கார்டினர் தவளை ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இங்கே சுமார் ஏழு சென்டிமீட்டர், உப்பிய உடல், கூர்மூக்கு, மண்ணுக்கடியில் கறையான் தின்னும் வாழ்க்கை. பிரிவும் மிகப் பழையது. ஆகவே நாசிகாபட்ராகிடே என்று தனிக் குடும்பம். 2006இல் வெளிவந்த ஒரு பெரிய நீர்நில வாழ்வி மரபுவழி ஆய்வு இதைச் சூக்ளாசிடேவுக்குள்ளேயே சேர்த்தது. அதுவும் பிழையல்ல: இரண்டு கிளைகளையும் ஒரே குடும்பம் என்றாலும் நிபந்தனை உடையாது. இன்று பெரும்பாலோர் தனிக் குடும்பத்தையே ஏற்கிறார்கள்.

பூபதி தவளையின் நெருங்கிய உறவு சஹ்யாட்ரென்சிஸ்தான், உடலமைப்பும் அதே வார்ப்பு. வேறுபாடு கூப்பிடும் ஒலியிலும் சில உடற்கூறுகளிலும் டிஎன்ஏவிலும் இருந்தது. இனப்பெருக்கக் காலமும் வேறு: கிழக்குச் சரிவில் வாழும் இது வடகிழக்குப் பருவமழையில் கூடுகிறது, மற்றது தென்மேற்குப் பருவமழை தொடங்குவதை ஒட்டி. ஒன்று மேலே வரும்போது மற்றது மண்ணுக்குள் இருந்தால் கலப்புக்கு வாய்ப்புக் குறைவு. விழுக்காட்டைவிட இதைப் பெரிய சான்றாக நான் எடுத்துக்கொள்வேன்.

எலும்புக்கூடு

தோற்றத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். மெக்சிகோவின் ரைனோஃப்ரைனஸ் என்ற தவளை, ஆஸ்திரேலியாவின் ஆமைத் தவளை இரண்டுமே உருண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்டவை, இரண்டும் கறையான் தின்பவை, மண் தோண்டுபவை. ஆனால் இவற்றில் எதுவும் ஊதாத் தவளைக்கு நெருங்கிய உறவு இல்லை. தோண்டும் வாழ்க்கை ஒரே உருவத்தை வெவ்வேறு கிளைகளில் செதுக்கிவிடுகிறது. அதனால் பேரினத்துக்கு மேலே வாதிடும்போது, வாழ்முறையோடு மாறாத எலும்புப் பண்புகளையும் ஒன்றுக்கு மேற்பட்ட உட்கரு மரபணுக்களையும் வைத்தே பேச வேண்டும்.

மலைச்சரிவு

நன்றி, இப்போது புரிகிறது. ஒரு மாதிரியைக் கையில் எடுத்தால் வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்? எங்கே வழக்கமாகச் சறுக்குகிறது?

ஃபார்மலின்

முதலில் வனத்துறை அனுமதி. அது இல்லாமல் தொடவே கூடாது.

பிடிக்கும் முன்பே ஒலிப்பதிவு, கூடவே காற்றின் வெப்பநிலை. தவளை கூப்பிடும் வேகம் வெப்பத்தோடு மாறும்; வெப்பநிலை குறிக்காத இரண்டு பதிவுகளை ஒப்பிட்டு 'ஒலி வேறு' என்பது அடிக்கடி நடக்கும் பிழை. அடுத்து, உயிரோடு இருக்கும்போதே நிறப்படம், ஏனென்றால் பாதுகாப்புத் திரவத்தில் நிறம் போய்விடும். பிறகு திசு: தொடைத் தசையோ கல்லீரலோ சிறு துண்டு, 95 விழுக்காடு எத்தனாலில். இது ஃபார்மலினுக்கு முன்னால் நடக்க வேண்டும். ஃபார்மலின் பட்டால் டிஎன்ஏ சிதைந்து, வரிசைப்படுத்துவது பெரும்பாடாகிவிடும். அதற்குப் பின் 10 விழுக்காடு ஃபார்மலினில் உடலை நிலைப்படுத்தி, கழுவி, 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்ற வேண்டும்.

அளவைகள் காலிப்பரில் 0.1 மில்லிமீட்டர் வரை: மூக்கு நுனியிலிருந்து குதம் வரை, தலை அகலம், கண் விட்டம், கீழ்க்கால் நீளம், பாதத்தின் உட்புற முண்டு. ஒரே ஆள், ஒரே கருவி. ஆணையும் பெண்ணையும், குஞ்சையும் முதிர்ந்ததையும் கலக்காதீர்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்து எழுதினால், நீங்கள் பார்த்தது தனியொன்றின் விகாரமா சிற்றினத்தின் பண்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

மைட்டோகாண்ட்ரியாவின் 16எஸ் மரபணுவில் சுமார் 3 விழுக்காடு வேறுபாடு வந்தால் தவளை ஆய்வாளர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது சந்தேகத்துக்கான எல்லை மட்டுமே, தீர்ப்பு அல்ல. மலைத்தொடரின் இரு முனைகளில் மட்டும் மாதிரி எடுத்தால் இடையில் படிப்படியாக மாறும் ஒரே சிற்றினம்கூட இரண்டாகத் தெரியும். நடுவிலும் எடுங்கள்.

பெயர்ப்பலகை

பெயர்ப் பக்கம் மட்டும் சொல்கிறேன். பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு பெயரைத்தான் ஆளும். வகைப்பாடு சரியா தவறா என்பதில் தலையிடாது. 1758 ஜனவரி 1 முதல் வெளியான பெயர்களில் முந்தியதற்கே உரிமை, எனவே பழைய பெயர்களுக்குரிய மூல மாதிரிகளை, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாகக் குறித்து வைத்த உடல்களை, அருங்காட்சியகத்தில் பார்க்காமல் புதுப்பெயர் வைத்தால் அது ஏற்கெனவே பெயருள்ள விலங்கின் இணைப்பெயராக விழுந்துவிடக்கூடும். சிற்றினத்துக்கு மூல மாதிரியை, வழக்கமாக ஹோலோடைப் என்ற ஒரே மாதிரியை, குறிப்பிட்டு, எங்கே வைக்கப்பட்டுள்ளது என்றும் எழுத வேண்டும். குடும்பப் பெயருக்கு அடிப்படையாக மாதிரிப் பேரினம் ஒன்று வேண்டும், அதன் பெயரின் அடிச்சொல்லோடு '-இடே' சேரும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு எண்ணும் கட்டாயம். அதை மறந்து வெளியிட்ட பெயர் செல்லாது. இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டதன் மூல மாதிரியை, பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002இன்படி, அதற்கென அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று.