பிள்ளையின் செத்தவீட்டுக்குச் சேர்த்த காசு: எப்படிக் கொடுப்பது? (லண்டன்)

கடைக்கார ரூபன்:
எங்கள் கடையில் என்னோடு பின்னேர ஷிப்டில் நிற்கும் தம்பியின் ஆறு வயது மகள் போன செவ்வாய்க்கிழமை தவறிவிட்டாள். பிறவியிலேயே இதயத்தில் வருத்தம். புதைப்பதாக முடிவு. நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்தேன். நம்முடைய ஆட்கள் மட்டுமில்லை, தினமும் பால் வாங்க வரும் வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இருபது பவுண் தாளை நாலாய் மடித்துப் போட்டுவிட்டுப் போனா. 1,140 பவுண் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தால் தம்பி தொடவேயில்லை. "அண்ணை, என்ர பிள்ளையின்ர பெட்டியை நான்தான் வாங்க வேணும்" என்றான். தான் கட்டிவரும் சீட்டை நட்டம் பார்க்காமல் கழிவில் எடுக்க, சீட்டுப் பிடிக்கிற ஆளிடம் கேட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். பியூனரல் டைரக்டர் (அடக்க வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்பவர்) தந்த செலவு மதிப்பீட்டில் மயானக் கட்டணமே பெரிய தொகை. குழந்தைகளுக்கு அரசு ஏதோ கொடுக்கிறதாமே, உண்மையா? இல்லையென்றால் இந்த டின்னை அவன் மனம் நோகாமல் எப்படிக் கொடுப்பது?

வெம்பிளி அக்கா:
உண்மைதான் ரூபன். குழந்தைகளின் ஈமச்சடங்குக்கென்று இங்கிலாந்தில் 2019 ஜூலை 23 முதல் ஒரு அரசு நிதி இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், 24 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறக்கும் குழந்தைகளுக்கும். சம்பளம், சேமிப்பு எதுவும் பார்ப்பதில்லை. புதைக்கும் அல்லது எரிக்கும் கட்டணத்தை அது ஏற்கும். பெட்டிக்கு 300 பவுண் வரை.

என் மகன் 27 வாரத்தில் இறந்துதான் பிறந்தான், 2021இல். நாங்கள் ஒரு படிவமும் நிரப்பவில்லை, பியூனரல் டைரக்டரே எல்லாம் பார்த்தார். சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. இவர் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் வந்தார். அன்றைக்கு யாரிடமும் விலை கேட்க வேண்டியிருக்கவில்லை.

இது பிச்சை இல்லை என்று தம்பிக்குச் சொல்லுங்கள். இதற்காகப் போராடியவர் கரோலின் ஹாரிஸ் என்ற வேல்ஸ் எம்.பி. 1989இல் அவருடைய எட்டு வயது மகன் மார்ட்டின் கார் மோதி இறந்தபோது, அவரும் கடன் எடுத்துத்தான் அடக்கம் செய்தார். அயல் சனமும் காசு சேர்த்துக் கொடுத்தது.

கறுப்புக் கார் சாரதி:
நான் இந்தச் செத்தவீட்டுத் தொழிலில்தான் கார் ஓடுகிறேன். அந்த மதிப்பீட்டைக் காட்டி, "இது பிள்ளையின் அடக்கம், நிதியிலிருந்து கோரவில்லையா?" என்று கேளுங்கள். பிள்ளைகளென்றால் தங்கள் வேலைக்குக் கூலியே எடுக்காத இடங்களும் நிறைய இருக்கின்றன. பெட்டியை வேறிடத்தில் நீங்களே வாங்கினால், அடக்கம் முடிந்து ஆறு மாதத்துக்குள் நீங்களே கோர வேணும். பூ, மண்டபம், சாப்பாடு, ஐயருக்குத் தட்சணை எதுவும் இதற்குள் வராது. ஊருக்குக் கொண்டுபோய்ச் செய்தாலும் கிடையாது. மிச்சச் செலவு முட்டினால் சைல்ட் பியூனரல் சாரிட்டி என்ற அறநிறுவனம் இருக்கிறது. குடும்பம் நேரே கேட்பதில்லை; ஆஸ்பத்திரித் தாதியோ பியூனரல் டைரக்டரோ அவர்களுக்காக விண்ணப்பிக்க வேணும்.

அப்புறம், தாய் தகப்பனைக் கேட்காமல் பிள்ளையின் படம் போட்டு ஆன்லைனில் காசு சேர்க்காதீர்கள். எத்தனையோ பார்த்துவிட்டேன்.

வெம்பிளி அக்கா:
டின்னைச் செத்தவீட்டில் நீட்டாதீர்கள். எட்டுச் சடங்கு முடிந்து சனம் கலைந்த பிறகுதான் வாடகை நினைவுக்கு வரும். பிள்ளையை இழந்த பெற்றோருக்கு 2020 ஏப்ரலிலிருந்து இரண்டு வார விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. எனக்கு இரண்டு வாரத்தில் தலை வாரவே கை வரவில்லை.

கடைக்கார ரூபன்:
எல்லாருக்கும் நன்றி. கேட்டேன். மயானக் கட்டணத்தை எடுத்துவிட்டுப் புது மதிப்பீடு அனுப்பினார்கள். மன்னிப்பு ஒன்றும் இல்லை. சரி, போகட்டும். தம்பி சீட்டை எடுக்கவில்லை. பெட்டியைத் தானே போய்ப் பார்த்து எடுத்தான், 300க்கு மேல் வந்த 45 பவுணைத் தன் கார்டில் கட்டினான். அதை நான் தடுக்கவில்லை.

டின் இப்போது என் கட்டிலுக்குக் கீழே. வீட்டு வாடகை போகும் கணக்கு இலக்கத்தை அவன் மனைவியிடம் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதலாம் திகதி கட்டிவிட்டுத்தான் அவனிடம் சொல்வேன், பேசுகிறதைப் பேசட்டும்.

கிழவி நேற்றும் பால் வாங்க வந்தா. எந்த மயானம் என்று கேட்டு, ரசீதின் பின்பக்கத்தில் என்னையே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனா.